சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்: மனசை விட்டுப் போகாத ஓர் அனுபவம் சொல்லுங்கள்

செந்தூல் மகள்

கோலாலம்பூரில் எல்லாருக்கும் தெரிந்த கட்டடம், அறிமுகம் வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கொத்து வேலை செய்தவர், அதிலும் பூச்சு வேலையில் கை தேர்ந்தவர். வேலையை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் சுதந்திரச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டம். வழிகாட்டி அவர்களிடம் இது சுல்தானுடைய அரண்மனை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. 1897-ல் திறந்தபோது இது சிலாங்கூர் அரசாங்க அலுவலகம். சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்தது ஜுக்ரா பக்கம். கட்டடம் திறந்த அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டார். அவர் பெயர் இதற்கு வந்ததே எழுபதுகளில்தான். இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்துத் திரும்பினால் அப்பாவைக் காணோம்.

தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளைப் பட்டையை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரிகள் மட்டம் பார்ப்பது அப்படித்தான். பிறகு விரல் கணுவால் தட்டினார்.

"இது கல்லு இல்லம்மா, பூச்சு. செங்கல்லு மேல பூசி இழுத்திருக்கான். வளைவுல ஏறி எறங்கியும் கோடு நெளியல பாரு. இதுக்குக் கயிறு புடிச்சவன் யாரு?"

வீட்டுக்கு வந்து தேடினேன். வரைந்தவர்கள் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறது. செலவுகூட 152,824 டாலர் என்று கடைசி டாலர்வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கயிறு பிடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாதது இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

பழைய கோர்ட்

நான் அதற்குள்ளேயே வேலை பார்த்தவன். நீதிமன்றங்கள் அங்கே இருந்த காலத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பிறகுதான் எல்லாம் ஜாலான் டூத்தாவுக்குப் போனது.

ஒரு காலை, படியருகே ஒரு தோட்டத்து அம்மா. புருஷன் லோரியில் அடிபட்டு இறந்த வழக்கு. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார், வளைவுகளைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படியேறினார். நான் ஓடிப் போய், "அம்மா, செருப்பைப் போட்டுக்குங்க, இது கோயில் இல்ல, கோர்ட்டு" என்றேன்.

"தெரியும் தம்பி. நியாயம் கேக்க வந்த எடம்தானே" என்று சொல்லிவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டார்.

வெறுங்காலோடு சாட்சிக் கூண்டில் நின்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்ல வேண்டும், அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். புருஷன் அன்றைக்குக் குடித்திருந்தாரா என்று கேட்டார்கள். அதை அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து என் வாயால் கேட்டேன். அவர் வழக்கறிஞரைப் பார்க்கவே இல்லை. நான்தான் கேட்கிறேன் என்பதுபோல் என்னையே பார்த்து, "குடிச்சாரு. அன்னிக்கு இல்ல" என்றார்.

செருப்பு யார் காலிலாவது போய்விடும் என்று முன்பே எடுத்து என் மேசைக்கடியில் வைத்திருந்தேன். சாயங்காலம் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் குவிமாடத்தையும் வளைவையும் வெள்ளைக்காரன் பிரமிப்பூட்டக் கட்டினான் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அந்த அம்மா பிரமிக்கவில்லை. கணக்குக் கேட்க வந்த மாதிரிதான் வந்தார்.

மஸ்ஜிட் இந்தியாக்காரன்

மேலே ஐயா எழுதியதைப் படித்ததும் என்னுடையது சின்ன விஷயமாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சித்தப்பா மகன் வந்திருந்தான். வந்ததிலிருந்து இரட்டைக் கோபுரம், இரட்டைக் கோபுரம் என்று அதே பேச்சு. மஸ்ஜிட் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்கி, கட்டடத்துக்கு எதிரே இருக்கும் புல்வெளியான பாடாங் பக்கம் நடந்தோம். கட்டடம் முழுசாகக் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணே, எங்க ஹைகோர்ட்ட இங்க கொண்டாந்து வச்சிருக்காங்களே!"

சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து நாளிதழிலும் பள்ளிப் புத்தகத்திலும் சுதந்திர தினத் தொலைக்காட்சியிலும் பார்த்து வளர்ந்த கட்டடம். 1957-ல் நள்ளிரவில் யூனியன் ஜேக் இறங்கி நம் கொடி ஏறியது அந்த மணிக்கூண்டின் எதிரில்தான். அதை எங்கிருந்தோ வந்த நகல் என்கிறான். இல்லை என்று வாதாடினேன். இதை வரைந்தவர் ஹப்பாக். அவர்தான் மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலையும் ரயில்வே ஸ்டேஷனையும் வரைந்தார். கோலாலம்பூரின் முகமே அவர் கை. ஒரே ஆள் ஒரே ஊருக்கென்று செய்த வேலை. சென்னைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவன் சிரித்தான். இன்றுவரை குடும்பக் குழுவில் அந்த ஹைகோர்ட்டுப் படத்தைப் போட்டுச் சீண்டுகிறான்.

கோடும் வளைவும்

மஸ்ஜிட் இந்தியாக்காரன் அண்ணாவுக்கு: ஹப்பாக் மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நான் கட்டடக் கலை படித்தவள், இது நான் ஆய்வுக்கு எடுத்த கட்டடம்.

முதலில் திட்டம் போட்டவர் பொதுப்பணித் துறையின் நார்மன். அவருடைய முதல் வரைபடம் ஐரோப்பிய மறுமலர்ச்சிப் பாணியில் இருந்தது. துறைத் தலைவரான ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இஸ்லாமியப் பாணிதான் இந்த மண்ணுக்குப் பொருந்தும் என்று மாற்றச் சொன்னார். நார்மனின் தரைத் திட்டத்தை வைத்துக்கொண்டு முகப்பைப் புதிதாக வரைந்தவர் பிட்வெல். அவர் பிறகு சிங்கப்பூருக்குப் போய் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பிரதான கட்டடத்தை வரைந்தார். ஹப்பாக் இங்கே கடைசியில் உதவிக்கு வந்தவர். மஸ்ஜிட் ஜாமெக் 1909, ரயில்வே ஸ்டேஷன் 1910, இரண்டும் அவருடையவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை இதற்குப் பிந்தியவை. இந்தக் கட்டடம் போட்ட பாதையில்தான் அவர் நடந்தார்.

உங்கள் தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் 1892-ல் முடிந்தது, இது 1897. ஒரே சாம்ராஜ்யம், ஒரே பாணி. இந்தியாவில் முகலாயக் குவிமாடத்தையும் ஆங்கிலேய மணிக்கூண்டையும் சேர்த்துக் கட்டிப் பழகியவர்கள், மலாய் சுல்தான்களின் நாட்டுக்கும் அதுவே சரி என்று முடிவு செய்தார்கள். மலாய்க்காரர்கள் அதுவரை கட்டிய பள்ளிவாசல்களையும் அரண்மனைகளையும் பார்த்தால் பெரும்பாலும் மரம், அடுக்குக் கூரை. இந்த வெங்காயக் குவிமாடம் அவர்களுக்கும் புதுசு. எனக்கு இதில் கோபமே வரும். யாரிடமும் கேட்காமல் உன் பாணி இதுதான் என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் என் மனசில் நிற்பது வேறு. மாணவியாக இருந்தபோது கீழ்த்தள நடைகூடத்தில் உட்கார்ந்து வளைவுகளை வரைந்துகொண்டிருந்தேன். கூர்முனை வளைவு, குதிரை லாட வளைவு, மேலே போகப் போக நெளிந்து நுனி கூராகும் வளைவு, எல்லாம் கலந்து வரும். முகப்பு மேற்குப் பார்த்தது. மதியம் தாண்டி வெயில் நேரே அடிக்கும் நேரம். தரையில் வெயில் வந்து விழுந்த கோடு மெல்ல உள்ளே நகர்ந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலக அறைகளின் சுவரை அது வெகுநேரம் தொடவே இல்லை. வெளியே தார் ரோடு கொதிக்கிறது, எனக்கு முதுகில் காற்று. மின்விசிறி இல்லாத காலத்தில் ஓர் எழுத்தர் உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுத முடிந்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு வரைபடம் போடச் சொல்கிறார்கள். நடைகூடம் வைக்கலாம் என்றால், வாடகைக்கு விட முடியாத இடம் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வெயில் கோடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

சுண்ணாம்புக்காரன்

செந்தூல் மகளுக்கு, அப்பாவுக்கு என் வணக்கம். பழைய கட்டடச் சீரமைப்பு வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் இல்லை, கடைவீடுகளிலும் கோயில்களிலும்.

என் அனுபவம் ஒரு வரிதான். ஒரு பழைய கடைவீட்டில் நான் சுண்ணாம்புப் பூச்சு போட்ட சுவரில், நான் அந்தப் பக்கம் போனதும் வீட்டுக்காரர் சிமெண்டு அடித்துவிட்டார். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் செங்கல் முகம் தோல் உரிந்து தரையில் மாவாகக் கிடந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கல்.

அதனால் வீட்டில் பழைய சுவர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். அந்தக் காலத்துச் செங்கல் மெத்தென்றது, தண்ணீர் குடிக்கும். கீழேயிருந்து ஈரம் ஏறும், ஏறின ஈரம் எங்கேயாவது வெளியேற வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்டு விடாது. உள்ளே தங்கிய ஈரத்தில் இருக்கும் உப்பு, காயும்போது கல்லின் முகத்துக்குப் பின்னாலேயே படிகமாகும். அது வளர்ந்து கல்லை உடைத்துத் தள்ளும். சுவர் பூத்திருக்கிறது என்று வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு மேலே பெயிண்டு அடிப்பார்கள். அதுவும் பிளாஸ்டிக் பெயிண்டு. செய்யாதீர்கள். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைத் தாழ்வாரமா, உடைந்த குழாயா, வாசலில் உயர்த்திப் போட்ட சிமெண்டுத் தரையா? அதைச் சரி செய்யுங்கள். பிறகு பழைய பூச்சைத் தட்டி எடுத்து, சுவரைக் காய விட்டு, உப்பை உறிஞ்சி எடுத்து, அப்புறம் சுண்ணாம்பு. மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் அவசரப்படக் கூடாது. வெயிலில் ஈரச் சாக்கு கட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் வெடிக்கும். குத்தகைக்காரர்கள் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பார்கள். நம்பாதீர்கள்.

அந்தக் கட்டடத்துக்கு 40 லட்சம் செங்கல், 18,000 பிக்குள் சுண்ணாம்பு, 2,500 பீப்பாய் சிமெண்டு போனதாகப் பதிவு இருக்கிறது. ஒரு பிக்குள் அறுபது கிலோ. கணக்குப் போடுங்கள், சுண்ணாம்பு மட்டும் ஆயிரம் டன்னுக்கு மேல். அதனால்தான் இத்தனை மழைக்கும் நிற்கிறது.

அப்பா கேட்ட கயிறு விஷயம்: நேர்ப் பட்டைக்குத்தான் கயிறு. வளைவில் கயிறு பிடிக்க முடியாது. வளைவின் மையத்தில் ஒரு பலகை கட்டி ஆணி அடிப்பார்கள். ஆணியிலிருந்து ஒரு கட்டை, கட்டையின் முனையில் தகட்டில் வெட்டிய அச்சு. பூச்சு இறுகுவதற்குள் கட்டையைச் சுற்றினால் கோடு தானாக விழும்.

செந்தூல் மகள்

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சிமெண்டு பற்றிச் சொன்னது அத்தனையும் சரி என்கிறார். ஆணி விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. ஓர் ஆணி அரைவட்டத்துக்குத்தான். கூர்முனை வளைவுக்கு மையம் இரண்டு, இந்தப் பக்கத்துக்கு ஒன்று, அந்தப் பக்கத்துக்கு ஒன்று. நெளிந்து ஏறும் வளைவுக்கு நாலு. இரண்டு பக்கத்துக் கோடும் உச்சியில் ஒரு நூல்கூடப் பிசகாமல் சேர வேண்டும், அங்கேதான் கை தெரியும், "அந்த உச்சிய அவரு போய்ப் பாத்தாரான்னு கேளு" என்கிறார்.

சிலோன் பேத்தி

கட்டியவர்கள் யார் என்ற பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நம் இந்தியத் தொழிலாளர்கள்தான் முழுசாகக் கட்டினார்கள் என்று ஆவேசமாகப் பகிரும் பதிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். செங்கல் சூளைகளைக் கோலாலம்பூரில் பெரிதாக நடத்தியவர்கள் சீனர்கள். பிரிக்பீல்ட்ஸுக்குச் சூளையால்தான் அந்தப் பெயர், அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது சீனர்களின் தலைவராக இருந்த யாப் ஆ லோய். பொதுப்பணித் துறையின் ரோட்டிலும் ரயில் தண்டவாளத்திலும் முதுகு ஒடிந்தவர்கள் தமிழர்கள். ஒருவருடைய உழைப்பைச் சொல்ல இன்னொருவருடையதை அழிக்க வேண்டாம்.

கட்டி முடித்த பிறகு உள்ளே உட்கார்ந்தவர்களில் எங்கள் ஆட்கள் உண்டு. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தார் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த காலம் அது. ஸ்பூனரே சிலோன் பொதுப்பணித் துறையில் இருந்து வந்தவர்தான். என் பூட்டனார் கருவூலத்தில் எழுத்தர். வீட்டில் அவருடைய ஒரே ஒரு படம் இருக்கிறது. கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் குடை.

சில வருஷம் முன்பு ஓர் அமைச்சு அங்கே இயங்கியபோது வேலை விஷயமாகப் போக வேண்டியிருந்தது. அதிகாரி கூட்டத்தில் இருக்கிறார், காத்திருங்கள் என்றார்கள். மேல்மாடி நடைகூடத்தில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கோபுரத்தில் சுழல் படிக்கட்டு. அதன் கைப்பிடியில் கை வைத்தேன். அம்மம்மா சொல்லுவா, பூட்டனார் மாசக் கடைசியில் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு சுத்திச் சுத்தி ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து தலை சுத்துது எண்டு படுத்துக்கொள்வாராம். கதை என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஒரு சுற்று இறங்கிப் பார்த்தேன். பிறகு இன்னொரு சுற்று. காவலாளி மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டார். அதிகாரியும் வந்துவிட்டார். வேலையும் முடிந்துவிட்டது. கீழ்வரை போயிருக்கலாம் என்ற ஆதங்கம் தீரவில்லை.

அரை மணி நேரம்

மணிக்கூண்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1897-ல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கு முதன்முதலாக ஒலித்த மணி. கோபுரம் சுமார் 41 மீட்டர்.

இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்கு 1981 டிசம்பர் 31 ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. தீபகற்பம் முழுக்க அன்றிரவு பதினொன்றரையைப் பன்னிரண்டாக்கச் சொன்னார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரம் ஆக்குவதற்காக. எங்கள் அப்பா பஸ் ஓட்டுநர். அந்த மணிக்கூண்டைத் தவிர வேறு கடிகாரத்தை நம்ப மாட்டார். வானொலியில் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் எல்லாரும் மாற்றினார்கள், இவர் மாற்றவில்லை. மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பாடாங்குக்குப் போனார். அப்போது அது கிளப்புக்காரர்கள் கிரிக்கெட் ஆடும் புல்வெளி, இப்போதிருக்கும் கொடிக்கம்பமும் சதுக்கமும் வராத காலம். ரோட்டோரம் நின்று மேலே பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மேலே. அப்புறம் திருகினார்.

"அரை மணி நேரம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டேன்.

"நான் ஓட்டினதுதான்" என்றார்.

அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்க இப்போது அவர் இல்லை.

தஞ்சோங் தம்பி

பினாங்கிலிருந்து. அதே வைர விழாவுக்கு எங்கள் ஊரிலும் மணிக்கூண்டு வந்தது. அரசாங்கம் கட்டியதல்ல, சியா சென் இயோக் என்ற வணிகர் தன் காசில் கொடுத்தது. அரசி ஆண்ட அறுபது ஆண்டுக்கு அறுபது அடி. கட்டி முடிக்க 1902 ஆகிவிட்டது. அரசி அதற்கு முன்பே போய்விட்டார்.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்து அந்தப் பக்கம் போனபோது, "நேராப் பாருடா, சாஞ்சிருக்கு" என்றார். போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் லேசாகச் சாய்ந்தது. தாத்தா அதைச் சொன்னபோது அவருடைய கை என் முழங்காலை இறுகப் பிடித்தது. அந்தப் பிடியைத்தான் மறக்க முடியவில்லை.

கோலாலம்பூர்க்காரர்கள் ஒரு கட்டடத்துக்கு இவ்வளவு எழுதுகிறீர்கள். பாடாங் கோத்தாவில் 1880-ல் வந்த டவுன் ஹால், அதன் பக்கத்திலேயே 1903-ல் வந்த சிட்டி ஹால், இரண்டும் கடலோரத்தில் நிற்கின்றன. குவிமாடம் வேண்டும், குதிரை லாடம் வேண்டும் என்று யாரும் அங்கே அடம் பிடிக்கவில்லை. மேலே அக்கா கோபப்பட்ட விஷயம் எங்களுக்கு இல்லை. வந்து பாருங்கள்.

படம் பிடிப்பவன்

கல்யாணப் படம் எடுக்கும் தொழில். ஒரு ஜோடியை வளைவுக்கடியில் நிறுத்தியிருந்தேன். திடீர் மழை. மணப்பெண்ணின் பாட்டி சேலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடி வந்து, எங்களைத் தாண்டிப் போய், தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்தப் படத்தை எடுத்தேன். குடும்பத்தார் ஆல்பத்தில் சேர்க்க வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் போகாதீர்கள், வெயில் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து வரும், முகப்பு இருண்டு கிடக்கும். நாலரைக்கு மேல் போங்கள், மேற்கு வெயிலில் செங்கல் சிவக்கும். ஐந்தரை தாண்டினால் குவிமாடத்தின் செம்பு மின்னும். ஏழரைக்கு விளக்கு போடுவார்கள், வானம் நீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் இரவுப் படத்துக்கு, அதற்குப் பிறகு வானம் கறுத்துவிடும். அகலக் கோண லென்ஸைக் கீழிருந்து மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள், கோபுரம் பின்னால் விழுகிற மாதிரி வரும். புல்வெளியின் அந்தக் கோடிவரை பின்வாங்கிப் போய், கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள். வெள்ளைப் பட்டையை வைத்து வெளிச்சம் அளந்தால் செங்கல் கறுக்கும், செங்கலை வைத்து அளந்தால் வெள்ளை வெளுத்துப் போகும். இடைப்பட்ட நிழலில் அளங்கள். சேலை நிறம்: சிவப்பு கட்டாதீர்கள், சுவரோடு கரைந்துவிடும். மயில் பச்சை, மஞ்சள் நன்றாக வரும். வேட்டி சட்டை வெள்ளை என்றால் செங்கல் பக்கம் நிறுத்துங்கள், பட்டைப் பக்கம் வேண்டாம். வடக்கே செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது, அதுவும் நார்மன் வரைந்ததுதான், அங்கே மரநிழலில் முகம் எடுக்கலாம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஆற்றோர நடைபாதைக்கு இறங்குங்கள். மழை விட்டவுடன் போனால் தரை ஈரத்தில் குவிமாடம் தலைகீழாக விழும், அருமையாக இருக்கும்.

ஆற்றோரம்

தம்பி, கடைசியில் சொன்னதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். மழை விட்டவுடன் அந்த நடைபாதைக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

1971 ஜனவரி வெள்ளத்தில் நான் சிறுவன். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடம் அது, மஸ்ஜிட் ஜாமெக்கின் மூக்கு நுனி. கட்டடம் நிற்பது அந்த ஆற்றின் முதுகோரம். வெள்ளம் வடிந்த பிறகு பெரியப்பாவோடு போனேன். அவர் பக்கத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பியூன். நடைகூடம் முழுக்கக் கயிறு கட்டி, நனைந்த கோப்புகளைத் துணி மாதிரி காயப் போட்டிருந்தார்கள். பெரியப்பா ஒவ்வொன்றாகத் தாளைப் பிரித்தார். தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. அதில் ஒன்றில் தமிழ்க் கையெழுத்து. பெருவிரல் அளவுக்கு மை பரவி, 'முனி' என்ற எழுத்து மட்டும் தெரிந்தது. முனியாண்டியா, முனியம்மாவா, யாருடைய மனுவோ. அதை என்ன செய்வது என்று அவர் மேலதிகாரியிடம் கேட்டார். குப்பையில் போடச் சொன்னார்கள்.

இப்போது வெள்ளச் சுரங்கம் இருக்கிறது, 2007-லிருந்து. 9.7 கிலோமீட்டர் நீளம், மேலே வரும் தண்ணீரைத் திருப்பிவிடும். ஆனாலும் ஆறு ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும், மேலே கோம்பாக் பக்கம் கொட்டியிருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர் மளமளவென்று படிகளை விழுங்கும். மணப்பெண்ணைப் பட்டுச் சேலையோடு அங்கே இறக்காதீர்கள். மேலே பாலத்தில் நின்றே எடுக்கலாம், குவிமாடம் அங்கிருந்தும் தெரியும். வடக்கே வானம் கறுத்திருந்தால் பாலத்தையும் விட்டுவிட்டுப் பாடாங் பக்கமே இருங்கள்.